லோமனுக்கு எதிராய் ஒரு புள்ளடி

வரிசை அசையுதில்லை. நூற்றி இருபத்தாறு பேருக்கு வாக்குப் போட மூண்டே மூண்டு மறைப்பு, அதுவும் மட்டையை மடிச்சு மேசையில நிப்பாட்டினது, ஜேர்மனி எண்ட இவ்வளவு பெரிய நாட்டில ஒரு கட்சிக்குப் பலகைத் தட்டி வாங்க வக்கில்லையோ, ஒன்பது மணிக்கு வந்தனான், இப்ப பதினொண்டரை, குதிக்கால் ரெண்டும் விண் விண் எண்டு குத்துது, முதியோர் இல்லத்துக் குசினியில எட்டு மணித்தியாலம் நிண்டாலும் இப்பிடிக் குத்தாது, அங்க கையில கரண்டி இருக்கும், இஞ்ச ஒரு மஞ்சள் கடதாசி. மேல லோமன், கீழ தீடமன், பக்கத்தில ஒவ்வொரு வட்டம். ஒரு வட்டத்துக்குள்ள ஒரு புள்ளடி, அவ்வளவுதான் வேலை. ஹோல்ட்டன் தொகுதிக்கு அடுத்த நாடாளுமன்றத் தேர்தலில கட்சி ஆரை நிப்பாட்டுறது எண்டு இந்த மண்டபத்தில இண்டைக்குத் தீரும். ஹார்ட்விக் லோமன் ஆறு தரம் வெண்டவர், ஏழாம் தரமும் வேணுமாம். தீடமன் எண்ட பெட்டை வக்கீல், தீயணைப்புப் படையில தொண்டு செய்யிறவள், நாப்பது வயசும் இராது, ஆளை எனக்குப் பெரிசாத் தெரியாது, தெரியவும் தேவையில்லை, அவள் லோமன் இல்லை, அது காணும். பின்னால நிக்கிற பெர்ன்ட், எங்கட ஊர்க் கிளைத் தலைவர், வாயில மெந்தோல் மணக்க மணக்க என்ர காதுக்குள்ள சொல்லுறார், விரல் விட்டு எண்ணிப் பாத்திட்டாராம், ஒரு வாக்கிலதான் போகுமாம், நல்லவேளை நீங்களும் எங்கட தீடமன் பக்கம் ஃபிராவ் யோகா எண்டு. ஃபிராவ் யோகா, திருமதி யோகாவாம். யோகமலர் குணபாலன் எண்டு பதினைஞ்சு வருசமாச் சொல்லிக்கொடுக்கிறன், ஒரு நாக்கிலயும் ஏறேல்லை. மீன் ரோல்ஸ் எண்டு மட்டும் வடிவாச் சொல்லுவினம். ஊர்க் கிளைக்காக இஞ்ச வந்து வாக்குப் போடுற இந்தப் பிரதிநிதிப் பதவியும் என்னைத் தேடி வந்ததில்லை, சைக்கிளால விழுந்து இடுப்பை உடைச்ச ஒரு மனுசிக்குப் பதிலா, சனிக்கிழமை ஆரும் வரமாட்டன் எண்டதால என்ர பேரைப் போட்டவை. முன்னுக்கு இன்னும் பதினெட்டுப் பேர் நிக்கினம்.

அங்க நிக்கிறார் பார், கோப்பித் தாழிக்குப் பக்கத்தில, ஒவ்வொரு கையாப் பிடிச்சுக் குலுக்கிக்கொண்டு. கடும் நீலக் கோட். உந்தக் கோட்டுக்குள்ள எத்தினை ஆள் மாறியிருக்கு. முதல் ஆள் எண்பத்தி மூண்டில ஏவுகணை வேண்டாம் எண்டு ரோட்டில கைகோர்த்து நிண்ட பெடியன், அந்தக் கதையை ஒவ்வொரு கோடை விருந்திலயும் சொல்லுவார், மழை பெய்ததாம், பக்கத்தில நிண்ட பெட்டையின்ர கை சூடா இருந்ததாம், சனம் சிரிக்கும், நானும் ரோல்ஸ் தட்டோட நிண்டு சிரிச்சிருக்கிறன். அந்த வருசம் ஆடியில கொழும்பில எங்கட சனத்துக்கு என்ன நடந்தது எண்டு இந்த மண்டபத்தில ஒரு குருவிக்கும் தெரியாது. பேந்து உடற்பயிற்சி வாத்தியார். பேந்து நகரசபை. ரெண்டாயிரத்து ரெண்டில பெர்லின் நாடாளுமன்றத்துக்குப் போகேக்க ஆளுக்குப் போக்குவரத்துக் குழுதான் ஆசையாம், ரயில் பைத்தியம், ஆனா ஊரில படைமுகாம் இருக்கிறதால பாதுகாப்புக் குழுவில கொண்டுபோய் இருத்திப்போட்டினம். ஒரு வருசத்தில மொழி மாறிப்போச்சு. போர் எண்டு சொல்லமாட்டார், பணி எண்டுவார். செத்தது எண்டு சொல்லமாட்டார், இழப்பு எண்டுவார். ஆப்கானிஸ்தானில குண்டூஸ் எண்ட ஊரில தலைக்கவசம் போட்டு ஒரு படம், அந்தக் கவசம் ஆளின்ர தலைக்குச் சின்னன், மேல ஒட்டிக்கொண்டு நிக்கும், அதை அலுவலகச் சுவரில மாட்டி வைச்சிருந்தவர். வெளிநாட்டுக்குப் படை அனுப்புற வாக்கெடுப்பு வந்தா ஒவ்வொரு தரமும் ஓம், ஒரு தரமெண்டாலும் இல்லை எண்டதில்லை. படைமுகாமை மூட விடமாட்டன் எண்டு ரெண்டு தேர்தல் வெண்டார், மூண்டாம் தரம் மூடினாங்கள், அதுக்கும் ஒரு பேச்சுப் பேசிக் கைதட்டு வாங்கினார். சரி, ஒண்டைச் சொல்லாமல் விட்டாப் பாவம். எங்கட தெருவால போன ஒரு ஆமிப் பெடியன் ஆப்கானிஸ்தானில செத்தபோது லோமன் அந்தத் தாயின்ர வீட்டில மூண்டு நாள் போயிருந்தவர், கமரா இல்லாமல். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சதாலதான் நான் அவரட்டப் போனனான். மூண்டு நாள் ஒரு தாயோட இருக்கத் தெரிஞ்ச மனுசனுக்கு என்ர கதை விளங்கும் எண்டு நம்பினன் பார், என்ர விசருக்கு மருந்தில்லை. வரிசை ரெண்டு அடி நகர்ந்திருக்கு.

இறைச்சிக் கடைக்கு மேல்மாடியில அலுவலகம், வெள்ளிக்கிழமையில தொகுதிச் சனத்தைச் சந்திக்கிற நேரம், ரெண்டாயிரத்து ஒன்பது மார்ச். படியேறேக்க பொரிச்ச கொழுப்பு மணம் வந்தது, அண்டைக்கு வெள்ளி விரதம். கையில ஒரு நீலக் கோப்பு, அதுக்குள்ள பதினாலு படம். மேல இருந்தது சங்கவி. என்ர தம்பி குகதாசனின்ர மகள், ஒன்பது வயசு, வெள்ளைச் சட்டை, ரெட்டைப் பின்னல், முன்பல்லு ஒண்டு இல்லை. மாமி எனக்குச் சிவப்புக் கலர் பென்சில் மட்டும் அனுப்புங்கோ, மற்றக் கலர் எல்லாம் இருக்கு எண்டு எழுதின பிள்ளை. தம்பியும் மனுசியும் பிள்ளையும் அப்ப வன்னியில, சனத்தைக் கடற்கரைப் பக்கமா நெருக்கிக்கொண்டு போன மாசம், ரெண்டு கிழமையா ஒரு சத்தமும் இல்லை. நான் கேக்கப் போனது பெரிசா ஒண்டுமில்லை. கப்பல் கேக்கேல்லை, படை கேக்கேல்லை. நீங்கள் நாடாளுமன்றத்தில எழும்பி நிண்டு ஒரேயொரு கேள்வி கேளுங்கோ, அங்க சனத்துக்கு மேல குண்டு விழுகுதே எண்டு ஒரு கேள்வி, அது எழுத்தில விழட்டும் எண்டு கேட்டன். அழக்கூடாது எண்டு போய் அழுதுபோட்டன். ஆள் நல்ல மரியாதை. கோப்பி தந்தார், மூக்குத் துடைக்கக் கடதாசி தந்தார். அது என்னுடைய துறை இல்லை, வெளியுறவுத் துறை, நான் படை சம்பந்தப்பட்டவன் எண்டார். ரெண்டு பக்கமும் ஆயுதத்தைக் கீழ வைக்கவேணும் எண்டார். சங்கவியைக் கீழ வைக்கச் சொன்ன மாதிரித்தான் எனக்குக் கேட்டது, அவளின்ர கையில என்ன இருந்தது, ஒரு கலர்ப் பென்சில் பெட்டி. நான் படத்தை அவரின்ர பக்கம் திருப்பித் திருப்பி வைக்கிறன், அவர் சுவர் மணிக்கூட்டைப் பாக்கிறார், பேந்து ஜன்னல், பேந்து மணிக்கூடு. கட்சியில சேருங்கோ, உள்ளுக்க இருந்தாத்தான் ஏதும் மாத்தலாம் எண்டு சொல்லி எழும்பிக் கை தந்தார். அப்பத்தான் மூலையில இருந்த பெட்டை கமராவைத் தூக்கினது. ஒரு கடதாசியை நீட்டினாள், இதில ஒரு கையொப்பம். நான் வைச்சன். மனுவைப் பொறுப்பெடுத்ததுக்கு எண்டு நினைச்சு வைச்சன். எங்கட சனத்துக்கு இது ஒரு வருத்தம், ஒரு நோய். கிழக்கு பெர்லினால வந்து இறங்கின நாளில இருந்து அகதி விண்ணப்பம், விசா நீட்டிப்பு, வேலை அனுமதி எண்டு எத்தினை கந்தோர், கடதாசியை நீட்டினா உடனே கையொப்பம் வைப்பம், நிண்டு வாசிச்சா சந்தேகப்படுறம் எண்டு அவை நினைச்சுப்போடுவினம், நினைச்சா அனுமதி கிடையாது. பத்து வருசம் அப்பிடி வாழ்ந்தா கை தானாப் போகும். நான் கட்சியிலயும் சேர்ந்தன், அடுத்த கிழமையே.

மே மாசம் முடிஞ்சு பன்ரெண்டு நாளில குகதாசன் அகதி முகாமில இருந்து எடுத்தான், ஆற்றயோ தொலைபேசி, அரை நிமிசம். அக்கா, பிள்ளை இல்லை எண்டான். பேந்து செப்டெம்பரில தேர்தல். புது உறுப்பினர் எண்டு பெர்ன்ட் என்னட்ட நானூறு துண்டுப்பிரசுரம் தந்தார், எங்கட தெருவும் பக்கத்து ரெண்டு தெருவும். நாலா மடிச்ச கடதாசி, மேல லோமன் பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறார். நான் விரிச்சுப் பாக்கேல்லை. சோகத்தில இருந்த மனுசி, ஏதாவது நடந்தாக் காணும் எண்டு நடந்தன், ஒவ்வொரு தபால்பெட்டியாத் தள்ளிக்கொண்டு போனன், என்ர வீட்டுப் பெட்டிக்குள்ளயும் ஒண்டு போட்டன். என்ர மனுசன், இவர்தான் விரிச்சுப் பாத்தது. பாத்துப்போட்டு மேசையில விரிச்சு வைச்சார். உள்பக்கத்தில நான். மூக்குச் சிவந்து, வாய் கோணி, அழுதுகொண்டு. எதிரில லோமன், தலையைச் சரிச்சு, கண்ணில கருணை. குடியேறி வந்தோரின் கவலைக்குக் காது கொடுப்பவர் எண்டு கீழ. அண்டைக்கு வாசிக்காமல் வைச்ச கையொப்பம் இந்தப் படத்துக்குத்தான். என்ர மடியில கோப்பு, கோப்பில சங்கவி, பல்லில்லாத சிரிப்பு அப்பிடியே துலக்கமாத் தெரியுது. ஆருக்காக ஒரு கேள்வி கேக்க ஏலாமல் போச்சோ அந்தப் பிள்ளையை முப்பதாயிரம் வீட்டுக்குள்ள அனுப்பிப்போட்டான் கோதாரி விழுவான். பிள்ளை செத்து நாலு மாசம். அதையும் நான்தான் காவிக்கொண்டு போய்ப் போட்டனான், என்ர கையால. அண்டைக்குப் பின்னேரம் திரும்பிப் போனன். ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் ரெண்டு விரலை விட்டு இழுத்தன், பெட்டி வாயின்ர தகரம் தோலைச் சீவினது, ஒரு கிழவன் பொலிசுக்குப் போன் அடிப்பன் எண்டு கத்தினான், ஓமோம் அடி எண்டு தமிழில சொன்னன். பதினேழு எடுத்தன். நானூறில பதினேழு. அந்தப் பதினேழும் இப்பவும் வீட்டில அலுமாரிக்குள்ள கிடக்கு. ஏன் கட்சியை விட்டு வெளிய வரேல்லை எண்டு இவர் கேட்காத நாளில்லை. வெளிய வந்திருந்தா ஆருக்கு நட்டம்? லோமனுக்குத் தெரியவே வந்திராது. உள்ளுக்க இருந்தா ஒருநாள் எட்டும் எண்டு இருந்தன். ரோல்ஸ் சுட்டன், கதிரை அடுக்கினன், இருந்தன். காத்திருக்கிற கொக்குக்கு உறுமீன் வராமலே விட்டிடுமோ.

இப்ப ஆள் பெரிய ஆள். ரெண்டரை வருசமா ஒவ்வொரு கிழமையும் ரிவியில, வேற நாட்டுப் போர், வேற நாட்டுப் பிள்ளையள், லோமனுக்குக் கண் கலங்குது. நான் அந்தப் பிள்ளையளைப் பழிக்கேல்லை, கடவுளாணை, அதுகளும் சங்கவிதான், அதுகளைக் காட்டினா நானும் இருந்து அழுறன். ஆனா இந்த மனுசனுக்குக் கண்ணீர் எப்ப முளைச்சது? இண்டைக்குக் காலமையும் மேடையில ஏறி நெஞ்சில கையை வைச்சுச் சொன்னார், இருபத்திரண்டு வருச நாடாளுமன்ற வாழ்க்கையில நான் ஒரு தரமும் முகத்தைத் திருப்பினதில்லை எண்டு. மண்டபம் எழும்பி நிண்டு தட்டினது. பெர்ன்டும் தட்டினார். நான் கைப்பையை மடியில இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருந்தன், நகம் தோலுக்குள்ள இறங்கினது. விடிய வீட்டு வாசலில இவர் சொல்லி விட்டவர், யோகம், ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு, போனமா புள்ளடியைப் போட்டமா வந்தமா எண்டு இரு, ஒரு கதையும் கதைக்காத எண்டு. கதைக்கேல்லை. ஒரு புள்ளடிதான். பயமும் இல்லாமலில்லை. இவ்வளவு வெள்ளைத் தலைக்குள்ள ஒரு கறுப்புக் கொண்டை, ஆர் எதுக்குப் போட்டது எண்டு என்ர முகத்திலயே வாசிச்சுப்போடுவினமோ எண்டிருக்கு. கூட்டத்தை நடத்துற மனுசி, முந்தி நீதிமன்றத்தில வேலை செய்தவவாம், மூண்டு தரம் திருப்பித் திருப்பிச் சொல்லிப்போட்டா. புள்ளடியைத் தவிர ஒரு எழுத்து, ஒரு கீறல் இருந்தாலும் வாக்குச் செல்லாது. பிழைச்சுப்போனா கொண்டு வாங்கோ, உங்கட கண்ணுக்கு முன்னால கிழிச்சுப்போட்டு வேற தருவம். செல்லாததெண்டு தள்ளுற வாக்கைக் கூட்ட அறிக்கையோட சேத்து முத்திரை வைச்சு, தெரிவாகிறவரின்ர பதவிக் காலம் முடியும் வரைக்கும் வைச்சிருப்பம். இந்தச் சனம் கிழிக்கிறதுக்கும் ஒரு சட்டம் வைச்சிருக்கு, வைச்சிருக்கிறதுக்கும் ஒரு சட்டம் வைச்சிருக்கு. இப்ப எனக்கு முன்னால ஆருமில்லை.

மட்டைக்குள்ள குனிஞ்சன். நூலில கட்டின பேனை. பேனையில லோமன் எண்டு பொன் எழுத்தில அடிச்சிருக்கு, அறுந்து போவான், பேனையையும் விடேல்லை. தீடமன், வட்டம், புள்ளடி. ஒரு கோடு இப்பிடி, ஒரு கோடு அப்பிடி. முடிஞ்சுது. இவ்வளவுதானோ? பதினைஞ்சு வருசம் இதுக்குத்தானோ? என்ர புள்ளடியும் பெர்ன்ட் போடுற புள்ளடியும் ஒரே மாதிரித்தான் இருக்கும், இதை எண்ணுறவைக்கு இது ஆற்ற எண்டு தெரியாது, என்னத்துக்கு எண்டும் தெரியாது, வக்கீல் பெட்டையைப் பிடிச்சிருக்கு எண்டு நினைப்பினம், கிழவன் காணும் எண்டு நினைப்பினம். லோமன் தோத்தாலும் காலம் மாறிப்போச்சு எண்டு சொல்லிப்போட்டு வீட்டை போய் ரயில் படம் பாத்துக்கொண்டு இருப்பார். ஒருத்தரும் ஒருக்காலும் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு கேள்வியும் கேக்கப் போறேல்லை. ஒரு எழுத்திலயும் அவள் விழேல்லை. அண்டைக்கு நான் கேட்டது அதைத்தானே, எழுத்தில விழட்டும் எண்டு. குனிஞ்சு பாக்கிறன், கடதாசியில கீழ வெறுமையாக் கிடந்த இடத்தில சங்கவி எண்டு எழுதியிருக்கு. என்ர கை. என்ர எழுத்து, வி கொஞ்சம் மேல ஏறிப் போயிருக்கு. எப்ப எழுதினன்? ஐயோ, இது செல்லாது. யோகமலர், நீ செய்த வேலை செல்லாது. போய்க் கேள், வேற தருவினம், ரெண்டு அடி தூரம், அந்த மனுசி சிரிச்சுக்கொண்டு வாங்கி என்ர கண்ணுக்கு முன்னால நாலாக் கிழிச்சுக் கூடைக்குள்ள போடுவா. நாலா. சங்கவியை. நான் நிண்டு பாக்கவேணும். பெர்ன்ட் பின்னால இருமுறார், என்ன ஃபிராவ் யோகா, உள்ளுக்க சமையலோ எண்டு. ஒரு வாக்கிலதான் போகும் எண்டவர். ஒரு வாக்கு. கிழிச்சா லோமன் தோப்பார், கிழிக்காட்டி வெண்டாலும் வெல்லுவார், இவ்வளவுதான், சின்னக் கணக்கு, கையைக் காலை ஆட்டி நட மனுசி, குடு. கால் நடக்குது. மேசை வருது. மனுசி என்னைப் பாத்துச் சிரிக்கிறா. கடதாசி என்ர கையில மடிஞ்சிருக்கு, சின்னதா, பிள்ளையின்ர கை மாதிரிச் சூடா. அவவைத் தாண்டிப் போய்ப் பெட்டிக்குள்ள போட்டன்.

எண்ணி முடிக்க நாப்பது நிமிசம். கோப்பி குடிச்சன், ஒரு ருசியும் இல்லை. நீதிமன்ற மனுசி ஒலிவாங்கிக்கு முன்னால வந்து கண்ணாடியைப் போட்டா. ஒரு வாக்குச் செல்லாது, புள்ளடியோட அந்நிய மொழியில ஒரு எழுத்தும் இருக்கு எண்டா. அந்நிய மொழி. மண்டபத்தில அத்தினை தலையும் ஒரே நேரத்தில என்ர பக்கம் திரும்பினது, ஆரும் விரல் நீட்டேல்லை, நீட்டத் தேவையும் இல்லை. லோமன் அறுபத்தி மூண்டு, தீடமன் அறுபத்தி ரெண்டு. நான் ஒழுங்கா ஒரு புள்ளடியோட நிண்டிருந்தா சமன், திரும்பவும் வாக்கெடுப்பு. தீடமன் பெட்டை அழாமல் எழும்பிப் போய் அவருக்குக் கை குடுத்தாள், அவளுக்கு முன்னால எனக்கு வெக்கமாப் போச்சு, பிள்ளை, உன்ர வாக்கை நான்தான் திண்டனான். சனம் தட்டுது, பூங்கொத்து வருது, பெர்ன்ட் என்ர முகத்தைப் பாக்காமல் தட்டுறார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. வாங்கிக் கட்டு. பூங்கொத்தோட லோமன் நேர என்னட்டத்தான் வாறார், பின்னால உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் கமராவோட. ஆளுக்கு வேர்த்திருக்கு, சந்தோசம், என்ர ரெண்டு கையையும் பிடிச்சார், பதினைஞ்சு வருசத்துக்குப் பிறகு அதே கை, அதே மெதுமை. நீங்கள் உங்கட மொழியில எனக்கு ஏதோ வாழ்த்து எழுதினீங்களாம், பாருங்கோ, அதால செல்லாமல் போச்சு, எண்டாலும் மனசைத் தொட்டிட்டுது, என்ன எழுதினீங்கள், ஒரு படம் எடுப்பமே எண்டார். வாழ்த்தாம். கமரா மேல எழும்புது. வீட்டில இவர் கதைக்காத எண்டு சொல்லி விட்டவர். 

"அது ஒரு பேர்," எண்டன். "சங்கவி. ஒன்பது வயசு. உங்கட மேசையில உங்களைப் பாத்துக்கொண்டு இருந்தவள். பேந்து உங்கட தேர்தல் நோட்டீசில என்ர மடியில இருந்தவள். அது அச்சடிக்கேக்க அவள் உயிரோட இல்லை."

சிரிப்பு அப்பிடியே நிண்டுது, கண் மட்டும் ஓடினது, எங்கயோ தேடினது, கண்டுபிடிச்சது. ஓம், கண்டுபிடிச்சது, நான் பாத்தனான், மறந்த மனுசனின்ர கண் அப்பிடிச் சுருங்காது. கை தளர்ந்துது. மெல்லமாச் சொன்னார், இண்டைக்கு அதுக்கான இடமில்லை, பிறகு வடிவாக் கதைப்பம் எண்டு. சொல்லிக்கொண்டே சுவரைப் பாக்கிறார். அங்கயும் ஒரு மணிக்கூடு. 

"முகத்தைத் திருப்பாதேங்கோ, லோமன்," எண்டன், ஐயா போடேல்லை, குரலும் உயர்த்தேல்லை. "இஞ்ச பாருங்கோ."

பாக்கேல்லை. அடுத்தாளின்ர கையைப் பிடிச்சார், அதுக்கடுத்தாள், அதுக்கடுத்தாள். பத்திரிகைக்காரன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பாத்துப்போட்டுக் கமராவை இறக்கினான். மேடையில அந்த மனுசி செல்லாத கடதாசியை ஒரு உறைக்குள்ள வைச்சு, ஓரத்தை நாக்கால நனைச்சு ஒட்டி, முத்திரை குத்துறா, டொக் எண்ட சத்தம் இஞ்ச மட்டும் கேக்குது. நான் கோட்டைப் போட்டன். லோமன் திரும்பவும் பெர்லினுக்குப் போறார், அனுப்பி வைச்சது நான், அதை வீட்டில இவருக்கு எந்த வாயால சொல்லப்போறன் எண்டு தெரியேல்லை. ஆனா பிள்ளையை ஆரும் கிழிக்கேல்லை. அந்த ஆள் கதிரையில இருக்கிற காலம் மட்டும் அவளையும் வைச்சிருக்கவேணும், சட்டமாம்.